சரளைச் சாலையை 'மேஜர் கலெக்டர்' வகைச் சாலை ஆக்கலாமா?

வரைபடக்காரி:
வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இன்ஜினியர் அலுவலகத்தில் வரைபட வேலை பார்க்கிறேன். இதுவரை சாலைகளைக் கோடாக வரைவதோடு சரி. எந்தக் கோடு எந்த வகை என்று பரிந்துரைக்கும் பொறுப்பும் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கீழிருந்து மேலாக லோக்கல், மைனர் கலெக்டர், மேஜர் கலெக்டர், ஆர்ட்டீரியல் என்று சாலை வகைகள்.

இங்கே நிலத்தை மைல் கணக்கில் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருக்கிறார்கள். மைலுக்கு ஒரு சாலை, பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அதில் இரண்டு சாலைகள் என்னைத் தூங்கவிடவில்லை. மேற்கே இருப்பது பழைய தார் ரோடு, மைனர் கலெக்டர். ஒரு மைல் கிழக்கே சரளைச் சாலை, லோக்கல். தார் ரோட்டில் 64 அடி நீளத்தில் ஒரு பாலம். மூன்று வருடம் முன்பு அதற்கு எடை வரம்புப் பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து சோளம் ஏற்றிய லாரிகள் எல்லாம் சரளைச் சாலையில்தான். போன அக்டோபரில் எண்ணினோம்: சரளையில் நாளுக்கு 190 வண்டி, தாரில் 160.

எங்கள் சூப்பர்வைசர் (கவுண்டி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்) ஒருவர், "வண்டி அங்கேதானே போகிறது? அதை மேஜர் கலெக்டர் ஆக்கு, மத்திய அரசுப் பணத்தில் தார் போடலாம்" என்கிறார். அந்தச் சாலையோர வீடுகளில் துணி காயப்போட முடியாத அளவுக்குப் புழுதி. பள்ளிப் பேருந்தின் பின்னால் போனால் எதிரே ஒன்றும் தெரியாது. அவர் கேட்பது நியாயமாகவே படுகிறது. ஆனாலும் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

தெற்கத்தியான்:
தங்கச்சி, வேறொரு மாநிலத்தில் பல கவுண்டிகளுக்குச் சேர்த்துப் போக்குவரத்துத் திட்டம் போடும் அலுவலகத்தில் இருக்கிறேன். உங்கள் தயக்கம் சரி.

வண்டி எண்ணிக்கை மட்டும் இங்கே தீர்ப்புச் சொல்லாது. மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் 2013 வழிகாட்டியில் கிராமப்புற லோக்கலுக்கு நாளுக்கு 15 முதல் 400 வண்டி வரை, மைனர் கலெக்டருக்கு 150 முதல் 1,110 வரை என்று இருக்கும். உங்கள் 190, 160 இரண்டும் இரண்டு வகையிலும் அடங்கும். தாரா சரளையா என்பதும் கணக்கில்லை, சாலை யாருக்குச் சொந்தம் என்பதும் கணக்கில்லை. அந்தச் சாலை என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி. வீட்டு வாசலிலும் வயல் வாசலிலும் கொண்டுவிடுவது லோக்கல். அப்படிப்பட்ட பல சாலைகளின் வண்டிகளைத் திரட்டி ஆர்ட்டீரியலில், அதாவது பெரிய முதன்மைச் சாலையில், சேர்ப்பது கலெக்டர். உங்கள் சரளைச் சாலை இப்போது பார்ப்பது பாலத்தின் வேலை. பாலம் சரியானால் லாரி ஓட்டுபவர் எதற்குப் புழுதியில் போகிறார்?

இன்னொன்று. லோக்கலும் கிராமப்புற மைனர் கலெக்டரும் மத்திய உதவிச் சாலைகளில், அதாவது பொதுவாக மத்திய அரசுப் பணம் கிடைக்கும் சாலைகளில், சேராது. சூப்பர்வைசர் மேஜர் கலெக்டர் கேட்பது அதனால்தான். ஆனால் பாலத்துக்கு இதுவே உங்களுக்குச் சாதகம். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் பால நிதியில் 15 சதவீதம், மத்திய உதவிக்கு வெளியே உள்ள சாலைகளின் பாலங்களுக்கென்று ஒதுக்கியது. 2022 முதல் 2026 வரையிலான நிதியாண்டுகளுக்கான நிதி அது. உள்ளாட்சிக்குச் சொந்தமான அத்தகைய பாலமானால் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கும். 20 அடிக்கு மேல் இருக்க வேண்டும், உங்களுடையது 64. எந்தச் சாலையின் வகையையும் மாற்றாமலே கேட்கலாம்.

குழாய் போட்டவர்:
இருபது வருடம் சாலையில் ரப்பர் குழாய் போட்டு வண்டி எண்ணியவன் நான். அக்டோபர் அறுவடைக் காலமாயிற்றே அம்மா! 48 மணி நேர எண்ணிக்கையைப் பருவத்துக்கேற்பத் திருத்தித்தான் ஆண்டுச் சராசரி எடுத்தீர்களா? சரளையில் குழாய் நகர்ந்துவிடும், அதையும் பாருங்கள். பாலத்துக்குப் பலகை வைப்பதற்கு முந்தைய மாநிலப் போக்குவரத்து வரைபடத்தைத் தேடி எடுங்கள். கவுண்டி எல்லை தாண்டி இரண்டு சாலையும் எங்கே போகின்றன என்றும் பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வகை, இந்தப் பக்கம் வேறு வகை என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறை காரணம் கேட்கும்.

வரைபடக்காரி:
குழாய் அண்ணா, 190 என்பது திருத்தாத எண். திருத்தினால் 140 வருகிறது. அதைக் கவனிக்காமல் கூட்டத்தில் படித்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் நானே திருத்திச் சொல்வேன்.

பழைய வரைபடத்தில் நாளுக்குத் தார் ரோட்டில் 310 வண்டி, சரளையில் 40. சரளைச் சாலை எல்லைக்கு அரை மைல் முன்பே ஓடையில் முடிந்துவிடுகிறது. தார் ரோடு பக்கத்துக் கவுண்டிக்குள் தொடர்கிறது, அங்கே அது மேஜர் கலெக்டர்! அப்படியானால் தார் ரோட்டையல்லவா உயர்த்த வேண்டும்?

தெற்கத்தியான்:
உயர்த்த வேண்டியிருக்கலாம். ஆனால் உயர்த்தினால் அந்தப் பாலம் மத்திய உதவிச் சாலைக்குள் வந்துவிடும். பிறகு மத்தியப் பங்கு பொதுவாக 80 சதவீதம்தான், மீதி கவுண்டியின் தலையில். இதை ஒளிக்கவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். பாலம் முடங்கிக் கிடக்கும்போது அந்தச் சாலையின் உண்மையான வேலையை அளக்கவே முடியாது. பாலம் திறந்து ஒரு வருடம் கழித்து எண்ணிப் பாருங்கள். பக்கத்துக் கவுண்டியையும் வட்டாரத் திட்ட அமைப்பையும் சேர்த்துக்கொண்டு மாநிலத் துறைக்கு எழுதுங்கள். கடைசி ஒப்புதல் மத்திய நிர்வாகத்துடையது.

வரைபடக்காரி:
இன்று சூப்பர்வைசரிடம் இரண்டு வரைபடத்தையும் விரித்துக் காட்டினேன். ஓடையில் முடியும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பாலத்துக்கே எழுது" என்றார். சரளைச் சாலை லோக்கலாகவே இருக்கும். வீடுகள் உள்ள அரை மைலுக்கு ஏப்ரலில் கால்சியம் குளோரைடு தெளித்துப் புழுதியை அடக்கப் போகிறோம். பாலம் திறந்ததும் இதே இழையில் எண்ணிக்கையைப் போடுகிறேன்.