ஸ்டாக்வெல்: சந்தேகம் என்றாலே தலையில் சுடலாமா?

நேர்கோடு:
2005 ஜூலை 22. லண்டன் ஸ்டாக்வெல் நிலையத்தில் நின்ற ரயிலுக்குள் ஜான் சார்லஸ் டி மெனெசஸ் என்ற 27 வயது பிரேசில் எலக்ட்ரீஷியனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தலையில் மட்டும் ஏழு குண்டு. அந்த மாதம் லண்டனில் வெடிகுண்டு வைத்தவர்களுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வெறும் சந்தேகத்துக்கு உயிரை எடுக்கும் அதிகாரம் போலீசுக்கு இருக்கவே கூடாது என்பது என் கட்சி.

இரவுப்பறவை:
தேதியைச் சொன்னீர்கள், அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்களே. ஜூலை 7-ல் லண்டன் ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் செத்தார்கள். 21-ஆம் தேதி மறுபடி நான்கு இடத்தில் முயற்சி, குண்டு சரியாக வெடிக்காததால் ஊர் தப்பியது, வைத்தவர்கள் வெளியே திரிகிறார்கள். உடம்பில் குண்டு கட்டியவனிடம் கையைத் தூக்கு என்றால் தூக்குவானா, பட்டனை அழுத்துவானா? நெஞ்சில் சுட்டால் வெடிமருந்தே வெடிக்கலாம், காலில் சுட்டால் கை சும்மா இருக்காது. அதனால்தான் தலை. 'கிராடோஸ்' என்று போலீஸ் வகுத்து வைத்திருந்த நடைமுறையின் சாரமே இதுதான்.

நேர்கோடு:
சரி, கட்டியவன் என்று எப்படித் தெரியும்? வெடிக்காத குண்டுப் பையில் ஒரு ஜிம் கார்டு (உடற்பயிற்சிக் கூடத்தின் உறுப்பினர் அட்டை) கிடைத்தது, அது காட்டிய முகவரியில் இருந்த அடுக்குமாடியில்தான் இவரும் குடியிருந்தார், அவ்வளவுதான் தொடர்பு. இவர் வெளியே வந்த நேரம் பார்த்து, கண்காணித்தவர் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார், அதனால் படம்கூட எடுக்கவில்லை. பிரிக்ஸ்டனில் பஸ்ஸை விட்டு இறங்கினார், நிலையம் மூடியிருந்தது, திரும்ப அதே பஸ்ஸில் ஏறினார். நாமும் அதைத்தானே செய்வோம்? அது போலீஸ் கண்ணுக்குத் தப்பிக்கிற தந்திரமாகத் தெரிந்திருக்கிறது! தடுப்பைத் தாண்டிக் குதித்தார் என்றெல்லாம் முதலில் செய்தி வந்தது, உண்மையில் பயண கார்டைக் காட்டி, இலவசப் பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு சாவகாசமாக உள்ளே போயிருக்கிறார்.

இன்னொன்று. மனித வெடிகுண்டு என்று நம்பினால் பஸ்ஸில் ஏற ஏன் விட்டார்கள்? 7-ஆம் தேதி வெடித்ததில் ஒன்று பஸ்தானே.

வக்கீல் குமாஸ்தா:
குறுக்கே வருகிறேன். 2007-ல் லண்டன் போலீஸ் துறை தண்டிக்கப்பட்டது, எந்தச் சட்டத்தில் தெரியுமா, பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில். 1,75,000 பவுண்டு அபராதம். தனிப்பட்ட முறையில் ஒரு அதிகாரிமேலும் வழக்கு இல்லை. 2008 மரண விசாரணையில், "ஆயுதப் போலீஸ்" என்று கத்தி எச்சரித்தோம் என்ற கதையை ஜூரி நம்பவில்லை. 2016-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டன் பக்கமே தீர்ப்பு சொன்னது.

ஆனால் அதே நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பையும் பார்க்க வேண்டும். 1988-ல், ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டரில், பிரிட்டனை எதிர்த்த அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் ஆட்கள் மூவர், கையில் ஆயுதமில்லாதபோது பிரிட்டிஷ் சிப்பாய்களால் சுடப்பட்ட வழக்கு. சுட்ட சிப்பாய்கள்மேல் குறை சொல்லவில்லை, எல்லையிலேயே தடுக்காமல் உள்ளே விட்ட திட்டத்தைத்தான் குற்றம் சொன்னார்கள், அதுவும் 10 நீதிபதிகள் ஒரு பக்கம், 9 பேர் மறுபக்கம் என்ற கணக்கில்.

இரவுப்பறவை:
நானும் அதைத்தான் சொல்கிறேன் குமாஸ்தா சார். நிலையப் படிக்கட்டில் ஓடி இறங்குகிற ஆயுதப் போலீஸ்காரனுக்கு "இவன்தான்" என்று கைகாட்டுகிறார்கள். அவன் அங்கே நின்று ஜிம் கார்டை ஆராய முடியுமா? அவனை ஜெயிலுக்கு அனுப்பினால் அடுத்த ஆள் துப்பாக்கியைத் தொடமாட்டான், அந்த நாட்டில் ஆயுதப் பிரிவுக்கு விருப்பப்பட்டுத்தான் வருகிறார்கள். நேர்கோடு, அந்த நொடியில் நீங்கள் என்ன உத்தரவு கொடுத்திருப்பீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.

நேர்கோடு:
அந்த நொடி வரைக்கும் போகவே விட்டிருக்க மாட்டேன். கட்டடத்துக்கு வெளியே ஆயுதக் குழு நிற்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே முடிவாகியிருந்தது. அவர் கிளம்பியது ஒன்பதரை வாக்கில், அப்போதும் குழு வந்து சேரவில்லை.