கிருமியைக் கொல்லாமல் அதன் நச்சு உற்பத்தியை மட்டும் நிறுத்த முடியுமா?

கேள்வி

நான் நுண்ணுயிரியல் முதுகலை மாணவன். பாக்டீரியாவைக் கொல்லாமல், அது நச்சை உருவாக்கத் தேவையான நொதியை மட்டும் முடக்கினால், மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற வகைகள் பெருகுவது குறையும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் அப்படியொரு மருந்தை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இது ஏட்டோடு நின்றுவிட்ட யோசனையா, வேறு பெயரில் நடைமுறையில் இருப்பதா?

மறுமொழி 1

ஓரளவு நடைமுறையில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் என்ற பாக்டீரியா தசைக்குள் பரவி, அதன் நச்சால் இரத்த அழுத்தம் சரியும் நச்சு அதிர்ச்சி உண்டாகும்போது, பெனிசிலினுடன் கிளிண்டாமைசினையும் சேர்த்தே தருகிறோம். பெனிசிலின் செல்சுவரைக் கட்டும் நொதிகளைத் தடுப்பதால், பெருகிக்கொண்டிருக்கும் கிருமியிடம்தான் அதன் கை ஓங்கும். கிருமிகள் மிகுந்து பெருக்கம் மந்தமான இடத்தில் அது தோற்பதை ஹாரி ஈகிள் 1952-இலேயே எலிகளில் காட்டிவிட்டார். கிளிண்டாமைசினோ, செல்லில் புரதம் உருவாகும் இடமான ரைபோசோமில் அமினோ அமிலங்கள் கோக்கப்படும் இடத்திலேயே போய் அமர்ந்துகொள்கிறது. (அங்கே வினையை நடத்துவது புரதமன்று, ஆர்என்ஏ, அதையும் நொதி என்று ஏற்பவர்களுக்கு இதுவும் நொதித் தடுப்பான்தான்.) கிருமி உயிரோடிருந்தாலும் புதிய நச்சுப்புரதம் உருவாவதில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே என்றாலும், கிளிண்டாமைசின் நச்சை மட்டும் நிறுத்துவதில்லை, எல்லாப் புரதங்களையும் நிறுத்துகிறது. கேள்வி கேட்டவர் தேடுவது அதுவன்று.

மேலும், எந்த நொதியைத் தடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகவும் மாறலாம். ஈ.கோலை ஓ157:எச்7 வகையில் ஷிகா நச்சுக்கான மரபணு, கிருமியின் மரபணுத் தொகுதிக்குள் உறங்கிக் கிடக்கும் ஒரு வைரஸில் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி, டிஎன்ஏ-வின் முறுக்கைச் சீராக்கும் கைரேஸ் நொதியைத் தடுக்கும்போது டிஎன்ஏ அறுபடுகிறது. அதை உணர்ந்து ரெக்ஏ புரதம் விழித்துக்கொள்ள, வைரஸை அடக்கி வைத்திருந்த ஒடுக்கிப் புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. வைரஸ் எழுகிறது, நச்சு மளமளவென்று உருவாகிறது, அதே வைரஸ் செல்லை உடைத்து அந்த நச்சை வெளியே கொட்டுகிறது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிக்கலுக்கு அஞ்சி, இத்தொற்றில் பொதுவாக நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அப்படியானால், கிருமியின் வளர்ச்சியைத் தொடாமல் நச்சை மட்டும் தடுக்கும் மூலக்கூறு எதுவுமே இல்லையா?

மறுமொழி 3

ஆய்வகத்தில் இருக்கிறது. 2008-இல் வெளிவந்த எல்இடி209, கிருமிக்குச் சூழலை உணர்த்தும் க்யூஎஸ்இசி என்ற கைனேஸ் நொதியைத் தடுத்தது. வளர்ச்சி குன்றாமலே நோயுண்டாக்கும் மரபணுக்கள் அடங்கின, எலிகளும் காப்பாற்றப்பட்டன. 2005-இல் வந்த விர்ஸ்டாட்டினைப் பலரும் இதே வரிசையில் வைப்பார்கள், அது பிழை. காலரா கிருமியின் டாக்ஸ்டி என்ற மரபணு இயக்கிப் புரதத்தைத்தான் அது தடுக்கிறது, அப்புரதம் நொதியன்று. எதிர்ப்புத்திறன் வராது என்ற நம்பிக்கையும் அங்கேயே ஆட்டம் கண்டது: டாக்ஸ்டி-யில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதும் மருந்து பலிக்கவில்லை.

மருந்தாக வராததற்கு எனக்குத் தெரியும் பெரிய காரணம் நேரம். நோயாளி நம்மிடம் வரும்போது நச்சு ஏற்கெனவே திசுக்களில் கலந்திருக்கும். உற்பத்தியைத் தடுப்பதால் அது திரும்பப் போவதில்லை.

நீங்கள் ஆய்வு செய்வதாக இருந்தால் ஒன்று சொல்வேன். வளர்ச்சி குறைந்த வளர்ப்பூடகத்தில் நச்சும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே நச்சின் அளவை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அதே குழாயிலிருந்து அதே நேரத்தில் எடுத்த மாதிரியைத் தட்டில் பரப்பி, உயிருள்ள கிருமிகளை எண்ணி, ஒரு செல்லுக்கு எவ்வளவு நச்சு என்று கணக்கிடுங்கள்.