மோட்டார் சைக்கிள் கையுறை: பாதுகாப்பும் வேண்டும், கை மரத்துப்போகவும் கூடாது

கேள்வி: நெடும்பாதை

வணக்கம். அலுவலகத்துக்கு நாள்தோறும் வண்டியில் போய்வருகிறேன். விடுமுறை கிடைத்தால் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுவதும் உண்டு. இதுவரை அணிந்துவந்த விரல் நுனி திறந்த துணிக் கையுறை வெயிலைத் தடுப்பதற்கு மேல் எதற்கும் உதவாது என்பதால், விழுந்தால் கையைக் காக்கக்கூடிய ஒன்றை வாங்க நினைக்கிறேன். கடையில் போட்டுப் பார்த்தவற்றில், விரல் முட்டிகளின் மேல் கெட்டியான ஓடு வைத்தவை உறுதியாகத் தோன்றினாலும், விரல்களை மடக்கும்போது அந்த ஓடு பின்னுக்கு இழுத்தது. கிளட்சைப் பிடித்து விடுவதே பெரும்பாடாக இருந்தது. மெல்லியவை இதமாக இருந்தன, ஆனால் அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியவில்லை. எனக்கு உள்ளங்கை மிகுதியாக வியர்க்கும். அதோடு, நீண்ட நேரம் ஓட்டினால் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறை வாங்கினால் இது தீருமா? எதை முதலில் பார்க்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஈரச்சாலை

நிறத்தையும் முட்டிக் கவசத்தையும் பார்ப்பதற்கு முன், கையுறையின் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் உருவம் பொறித்த குறியும், அதனருகே இ.என். 13594:2015 என்ற எண்ணும் இருந்தால், அந்தக் கையுறை இந்தப் பயன்பாட்டுக்கென்றே வகுக்கப்பட்ட ஐரோப்பியத் தரநிலையின்படி சோதிக்கப்பட்டது என்று பொருள். ஐரோப்பியச் சந்தைக்கான பொதுக் குறியான சிஇ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. தோட்ட வேலைக்கான கையுறையிலும் அவை இருக்கும்.

குறியின் கீழே 1 அல்லது 2 என்று நிலை குறிக்கப்பட்டிருக்கும். உள்ளங்கைப் பகுதியின் உராய்வுத் தாங்குதிறனைச் சோதிக்கும்போது, முதல் நிலைக்கு 4 நொடியும் இரண்டாம் நிலைக்கு 8 நொடியும் அது ஓட்டை விழாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டைத் தாண்டி நீளும் பகுதியும் முதல் நிலையில் 15 மி.மீ., இரண்டாம் நிலையில் 50 மி.மீ. அளவுக்காவது இருக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘கே.பி.’ என்ற எழுத்துகள் இருந்தால் முட்டிக் கவசமும் மோதல் சோதனையில் தேறியிருக்கிறது. முதல் நிலையில் அந்தச் சோதனை கட்டாயமில்லை என்பதால், முட்டியில் பளபளக்கும் ஓடு இருந்தும் கே.பி. இல்லாத கையுறைகள் உண்டு. அத்தகைய ஓடு வெறும் அலங்காரமாகவே இருக்கக்கூடும். உங்களைத் துன்புறுத்தியதும் அப்படி ஒன்றாக இருந்திருக்கலாம்.

முட்டியைவிட நான் முதன்மையாகக் கருதுவது உள்ளங்கையின் அடிப்பகுதியைத்தான். விழும்போது யாரும் யோசித்துக் கையை ஊன்றுவதில்லை. கை தானாகவே முன்னே போய்விடும். அப்போது உள்ளங்கையின் அடியில் இருக்கும் தோல் சாலையைக் கவ்விக்கொண்டால், கை அங்கேயே நிற்க, உடலின் வேகம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். பெருவிரல் பக்கம் மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு இவ்வாறு முறிவது வழக்கம். அதன் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது கூடுவதற்கும் நெடுநாளாகும். அந்த இடத்தில் வழுவழுப்பான கெட்டி பிளாஸ்டிக் தகடு பதித்த கையுறையாக இருந்தால், கை சிக்கிக்கொள்ளாமல் சறுக்கிச் செல்ல வாய்ப்பு மிகுதி. முட்டியில் மென்மையான கவசமே போதும் என்று நீங்கள் முடிவு செய்தாலும், இந்தத் தகட்டை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மறுமொழி: தோல்தையல்

சீட்டைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சீட்டு கையுறையைப் பற்றித்தான் பேசுகிறது, உங்கள் கையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நிலைக் கையுறையானாலும், சாலையில் உருளும்போது கழன்று பறந்துவிட்டால் அதனால் என்ன பயன்? கடையிலேயே மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, மறு கையால் விரல் நுனிகளைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். உள்ளங்கை வரை நழுவி வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டை மணிக்கட்டு எலும்புக்கு மேலே, கை குறுகும் இடத்தில் சுற்றி நிற்க வேண்டும். கையுறையின் விளிம்பை மட்டும் மூடுகின்ற வெல்க்ரோத் துண்டு இழுவையைத் தாங்காது.

அளவைப் பொறுத்தவரை, பெருவிரலை விட்டுவிட்டு முட்டிகளைச் சுற்றி உள்ளங்கையை அளந்து, அந்தந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் ‘எல்’ இன்னொன்றின் ‘எம்’ ஆக இருப்பது சாதாரணம். தோல் கையுறை அகலத்தில் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. ஆகவே அகலத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். விரல் நுனி முட்டினால் பொறுக்கக் கூடாது. கையை விரித்து நின்று பார்ப்பதில் பயனில்லை. கடைக்காரர் அனுமதித்தால் உங்கள் வண்டியில் அமர்ந்து, கைப்பிடியைப் பிடித்து, இரண்டு விரலால் பிரேக்கையும் கிளட்சையும் சில நிமிடம் இயக்கிப் பாருங்கள். உள்ளங்கையில் தோல் மடிந்து சுருக்கம் விழுந்தால் அது பெரியது. மடக்கும்போது ஓடு பின்னுக்கு இழுக்கிறது என்றீர்களே, அதற்குப் பெரும்பாலும் ஓடு காரணமாக இருப்பதில்லை. விரல்கள் நேராக வெட்டித் தைக்கப்பட்டிருப்பதும், முட்டிக்கு மேலும் கீழும் மடிப்பு வைக்காததும்தான் காரணம். விரல்கள் இயல்பாகவே வளைந்த வாக்கில் தைக்கப்பட்டு, ஓட்டைச் சுற்றி மடிப்புத் தோல் வைத்த கையுறையில் கெட்டி ஓடும் தொந்தரவு தராது.

தோல் வகையில் என் விருப்பம் ஆட்டுத்தோல். மெலிதாக இருந்தும் உறுதியானது, விரைவில் கைக்குப் பழகிவிடும். மாட்டுத்தோல் தடிப்பாலேயே நன்றாகத் தாங்கும், ஆனால் முதல் சில வாரங்கள் விறைப்பாக இருக்கும். கங்காரு தோல் அதே தடிப்பில் மற்றவற்றைவிட வலுவானது. பந்தயக் கையுறைகளில் உள்ளங்கைக்கு அதைத் தேடிப் பயன்படுத்துவது அதனால்தான். விரல்களுக்குள் துருத்தும் தையல் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கடையில் உறுத்தாத தையல்கூடப் பிரேக்கின் மேல் மணிக்கணக்கில் அழுந்தும்போது தோலை உரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்: நெடும்பாதை

இருவருக்கும் நன்றி. இழுத்துப் பார்க்கும் சோதனையை என்னிடமிருக்கும் துணிக் கையுறையில் இப்போதே செய்து பார்த்தேன். ஓர் இழுப்பில் கையோடு வந்துவிட்டது. விரல் மரத்துப்போவதைப் பற்றியும், வியர்வைக்கு வலைத்துணிக் கையுறை வாங்கலாமா என்பது பற்றியும் யாராவது கூற இயலுமா?

மறுமொழி: மெதுவோட்டம்

எந்த விரல்கள் என்று நீங்கள் தெளிவாகச் சொன்னது நல்லது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தரும் அல்நார் நரம்பு, சுண்டு விரல் பக்கமாக உள்ளங்கையின் அடிப்பகுதி வழியே செல்கிறது. உடல் பாரத்தைக் கைப்பிடியில் ஊன்றி ஓட்டுவோருக்கு அது அழுந்துகிறது. பெருவிரல், சுட்டு விரல், நடுவிரல் மரத்திருந்தால் மணிக்கட்டின் நடுவே செல்லும் வேறொரு நரம்பை நினைக்க வேண்டியிருக்கும். வலது கையில் மட்டும் வருவதற்கு, ஆக்சிலரேட்டரை விடாமல் முறுக்கிப் பிடித்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உள்ளங்கை முழுவதும் மெத்தை வைத்த கையுறையை இதற்காக வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மெத்தை கைப்பிடியின் சுற்றளவைக் கூட்டுகிறது; தடித்த பிடியை இறுக்கிப் பிடிக்க முன்கைத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன; பிடி இறுக இறுக அதிர்வும் கைக்குள் கூடுதலாக ஏறும். சுண்டு விரலுக்கு நேர் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் மட்டும் மெல்லிய ஜெல் பட்டை இருந்தால் நல்லது. மணிக்கட்டுப் பட்டையை அளவுக்கு மீறி இறுக்குவதும் விரல்களை மரக்கச் செய்யும் என்பதால், கழலாத அளவுக்கு இறுக்கினால் போதும். மற்றது வண்டியில் இருக்கிறது. முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி பிரேக், கிளட்ச் லிவர்களின் சாய்வைத் திருத்துங்கள். முழங்கால்களால் டாங்கைப் பற்றி உடலின் பாரத்தைக் கையிலிருந்து விலக்குங்கள். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் உணர்ச்சி திரும்பத் தாமதமானாலோ, இரவிலும் மரத்தாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி: தோல்தையல்

வலைத்துணியைப் பற்றி: புறங்கையில் வலைத்துணி இருக்கலாம், உள்ளங்கையிலும் சுண்டு விரலின் வெளிப்பக்கத்திலும் தோல்தான் இருக்க வேண்டும். சறுக்கும்போது சாலையில் முதலில் தேய்வது பெரும்பாலும் அந்த வெளிப்பக்கம். முழுத் தோலே வேண்டுமென்றால், சிறு துளையிட்ட தோலில் காற்று நன்றாகவே புகும். மிகுதியாக வியர்ப்பவர் நீர்புகா அடுக்கு வைத்த கையுறையை அன்றாடம் அணிவது கடினம். ஈரக் கையை உருவும்போது உள்துணியும் விரலோடு வெளியே வந்துவிடும், மறுபடி அதை உள்ளே தள்ளி விரல் நுழைப்பதற்குள் பொறுமை போய்விடும். மழைக்குக் கையுறையின் மேலேயே மாட்டும் மெல்லிய உறையைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். வியர்வையின் உப்பும் சூடும் தோலை விறைக்க வைக்கும் என்பதால், நனைந்த கையுறையை வெயிலிலோ சூடான எஞ்சின் மேலோ போடாமல் நிழலில் உலர்த்துங்கள்.