சித்தாரோட வேற இசை சேர்ந்தப்போ நீங்க நேர்ல பார்த்தது என்ன? சென்னை அனுபவங்கள் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். லைவ் சவுண்ட் வேலை பாக்குறேன், மயிலாப்பூர் மாம்பலம் அடையார்னு சபா, காலேஜ் கல்ச்சுரல்ஸ், கம்பெனி ஷோ எதுவா இருந்தாலும் மிக்ஸர் பின்னாடி உக்காந்திருக்கறது நான்தான். ஃப்யூஷன்னு போஸ்டர் ஒட்டுனா மேடையில ஒரு சித்தார் இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. அந்தக் கச்சேரி தேறுமா தேறாதான்னு சாயங்காலம் சவுண்ட் செக்லயே எனக்குத் தெரிஞ்சிடும், யாரு யாருக்காக விட்டுக் குடுக்கறாங்கன்னு பாத்தா போதும்.

அடையார் பக்கம் ஒரு ஹால். சித்தார், சாக்ஸ், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், கீபோர்டு. கீபோர்டுக்காரர்தான் லீடர். ரெண்டாவது ஐட்டத்துல பாதில கீ மாத்தி ஒரு முழு ஸ்வரம் மேல தூக்கிடலாம், ஜனங்க கைதட்டுவாங்கன்னு சொல்றாரு. சித்தார்காரர் பொறுமையா சொன்னாரு, வாசிக்கிற தந்திக்குக் கீழ தரப்னு ஒரு டஜன் தந்தி ஓடுது, மேல வாசிக்கிற ஸ்வரத்துக்கு அது தானா அதிரும், அத ராகத்துக்குத் தகுந்தா மாதிரி ஒண்ணொண்ணா ஸ்ருதி கூட்டி வெச்சிருக்கேன், நடுவுல மாத்துனா அதுபாட்டுக்கு பழைய ஸ்வரத்துல முனகிக்கிட்டே இருக்கும்னு. லீடர் கேக்கல. சித்தார்காரர் வேற வழியில்லாம கைக்குட்டைய மடிச்சி தரப் தந்தி மேல செருகி அமுக்கிட்டு வாசிச்சாரு. மேல தந்தி மட்டும் டொய்ங் டொய்ங்னு பேஞ்சோ மாதிரி வருது. ட்ரம்ஸ் வேற பக்கத்துலயே, சித்தார் கேக்கலன்னு மைக் கெயின (சத்தத்த) ஏத்துனா குடத்துலேர்ந்து ஃபீட்பேக் கூவுது. கைதட்டல் என்னமோ நல்லாதான் வந்துச்சு, அது வேற கதை.

அதுக்கு நேர் எதிரா எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல ஒண்ணு. சித்தாரும் பியானோவும் மட்டும், ராகம் யமன், நம்ம கல்யாணி. அந்த பியானோக்காரர் சவுண்ட் செக் முழுக்க இடது கைல சா, பா மட்டும்தான் அமுக்குறாரு, காந்தாரத்து (கா) பக்கமே போகல. எனக்குப் புரியல, டீ குடிக்கறப்போ கேட்டேன். பியானோல காந்தாரம் தம்புரால கேக்கற இயற்கையான காந்தாரத்த விட பதினாலு சென்ட் (அரை ஸ்வரத்துல நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடவாம், பியானோவ மேடையில வெச்சி மாத்த முடியாது, சித்தார்காரர் மெட்ட, அதாவது தந்திய அமுக்குற கம்பிய, நகத்திட்டா தம்புரா ஸ்ருதியோட இடிக்கும், அதனால நான் காந்தாரத்த அவருக்கு விட்டுட்டேன்னாரு. அவ்ளோதான் சார். அன்னிக்கு எனக்கு வேலையே இல்ல, ரெண்டு மைக்க வெச்சிட்டு கையக் கட்டிக்கிட்டு கேட்டேன்.

—

சார் சொல்றது நூத்துக்கு நூறு. நான் வீணை சொல்லிக் குடுக்கறேன், மந்தவெளி. எங்காத்து கொலுவுக்கு கொல்கத்தாலேர்ந்து வந்திருந்த ஒரு சித்தார் வித்வானோட சேர்ந்து வாசிக்கற பாக்கியம் கிடைச்சுது. முதல் சண்டையே கட்டைலதான், அதாவது சா எந்த உயரத்துலங்கறதுல! அவர் ரெண்டு கட்டை, நான் மூணு. என் தந்திய ரெண்டுக்கு இறக்கினா தொளதொளன்னு ஆயிடறது, அவர் மூணுக்கு ஏத்தினா அறுந்துடும்ங்கறார். கடைசில நான் அரைக்கட்டை இறங்கி அவர் அரைக்கட்டை ஏறி ரெண்டரைல நின்னோம்.

ஹம்ஸத்வனி எடுத்துண்டோம். முத்துஸ்வாமி தீட்சிதரோட அப்பா ராமஸ்வாமி தீட்சிதர் பண்ணின ராகம், ஹிந்துஸ்தானி பாடகர் அமான் அலி கான் மூலமா வடக்க போயி அங்கயும் சொந்தமாயிடுத்து, அதனால ரெண்டு பேருக்கும் கூச்சம் இல்ல. அடுத்து கீரவாணி போலாம்னேன், அது சித்தார் மேதை பண்டிட் ரவிசங்கர் மாதிரி பெரியவா இங்கேர்ந்து எடுத்துண்டு போய் அங்க பரப்பின ராகம். ஆனா அவர் உடனே வாசிக்கல, "ஏக் மினிட்"னுட்டு மெட்டுகள நகத்த ஆரம்பிச்சார். என் வீணைல இருபத்திநாலு மெட்டும் மெழுகுல பதிச்சது, ஜன்மத்துக்கும் அசையாது, எந்த ராகமானாலும் அதே இடம்தான். அவருக்கு நூல்ல கட்டினது, கட்டை விரலால லேசா தள்ளி காது கிட்ட வெச்சிண்டு பாக்கறார், அப்புறம் தரப்ப ஒண்ணொண்ணா சுண்டறார். சுண்டலுக்கு வந்த மாமிகள்லாம் இதுவே கச்சேரின்னு தலையாட்டிண்டு இருந்தா 😄

தாளத்துலதான் கொஞ்சம் உதைச்சுது. எங்க மிஸ்ர சாப்பு தாளமும் அவா ரூபக் தாளமும் ஏழு மாத்திரைதானே, சேர்ந்துடும்னு நெனச்சோம். ஆனா அவாளுக்கு ரூபக்ல சமம், அதாவது ஆவர்த்தனத்தோட முதல் தட்டு, விழற எடமே காலி (அழுத்தமில்லாத தட்டு), தபலால இடது கையோட கும்முனு வர்ற நாதம் இல்லாம லேசா விழும். எங்க மிருதங்கப் பையன் அங்கதான் பலமா ஒண்ணு போட்டான். தபலாக்காரர் சிரிச்சுட்டார். ரெண்டு ஆவர்த்தனம் தடுமாறி, அப்புறம் பையன் மோரா வெச்சு முடிச்ச எடத்துல அவர் திஹாய் வெச்சு முடிச்சார், மூணு தடவ சொல்லி சமத்துல விழற கணக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே, அப்புறம் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல.

—

மேடம் உங்க கொலுவுக்கு அடுத்த வருஷம் நானும் வரேன் 🙏 நான் வடபழனி, லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு. சித்தார் பிட் எல்லாம் கல்யாண மேடையில நாந்தான் வாசிப்பேன், கீபோர்டுல இருக்கற சித்தார் சவுண்ட் பேட்ச்ல. திட்டாதீங்க, ரிசப்ஷனுக்கு குடுக்கற பேமென்ட்ல சித்தார் ஆர்ட்டிஸ்ட்ட எங்க கூப்பிடறது. ஸ்வரத்த வளைக்கற வீலோட பிட்ச் பெண்ட் ரேஞ்ச் வழக்கமா ரெண்டு செமிடோன்ல (அரை ஸ்வரம்) இருக்கும், அத அஞ்சாக்கி வெச்சாதான் சித்தார்ல ஒரே மெட்டுல தந்திய இழுத்து மேல போறாங்களே அந்த மீண்ட் கொஞ்சமாவது வரும். ராஜா சார் பாட்டுல வர்ற சித்தார் பிட்ட எல்லாம் கேட்டு கேட்டு வீல உருட்டி கட்டவிரல் காச்சுப் போச்சு. அப்புறம்தான் ஒரு சீனியர் சொன்னாரு, அந்தக் காலத்து நம்ம ரெக்கார்டிங்ல மிட்டா ஜனார்த்தன் சார் வாசிச்சாரு, அவரு ரவிசங்கர்கிட்டயே கத்துக்கிட்டவரு, நீ வீல வெச்சிக்கிட்டு அவர தொரத்துறியான்னு. தொரத்துறேன் ப்ரோ, என்ன பண்றது. ஆனா ஒண்ணு கவனிச்சேன், அந்தப் பாட்டுகள்ல வயலின் கூட்டம் நகருற நேரத்துல சித்தார் சும்மா இருக்கும், சித்தார் வர்றப்போ வயலின் ஒதுங்கிடும். நாங்க மேடையில எல்லாத்தையும் ஒண்ணா அடிக்கிறோம், அதான் கேவலமா இருக்கு.

—

எனக்கு எழுபது தாண்டியாச்சு, வாசிக்கத் தெரியாது, கேக்க மட்டும் தெரியும். வெஸ்டர்ன் வயலின் மேதை யெஹுதி மெனுஹினும் ரவிசங்கரும் சேர்ந்து 1967ல போட்ட ரெக்கார்ட மூர் மார்க்கெட்ல பழசா வாங்கி தேய்ச்சு தேய்ச்சு கேட்டவன். மெனுஹின் எவ்வளவு பெரிய ஆளு, அவரே நமக்கு மனோதர்மம் (அப்பப்போ கற்பனையில வாசிக்கறது) வராதுன்னு தெரிஞ்சுகிட்டு ரவிசங்கர் அமைச்சுக் குடுத்தத மாணவன் மாதிரி பயிற்சி பண்ணி வாசிச்சாரு. 1971ல லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோட, ஆந்த்ரே ப்ரெவின் கண்டக்ட் பண்ணி ரவிசங்கரோட ஒரு சித்தார் கான்சர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோட தனி வாத்தியம் வாசிக்கிற படைப்பு) வந்துச்சு, கமாஜ், சிந்து பைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ்னு ராகத்துக்கு ஒரு பாகம். பெரிய வேலைதான், ஆனா எனக்கு இன்னிக்கும் அதுல ஆர்கெஸ்ட்ரா சித்தாருக்குப் பின்னாடி ஓடியே வர்ற மாதிரிதான் இருக்கு. அவரு பொண்ணு அனுஷ்கா 2011ல ஸ்பெயின் நாட்டு ஃப்ளாமெங்கோ இசையோட சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டாங்க, அது இதவிட எனக்குப் பிடிச்சது. அந்த ஊர் பாட்டுக்காரன் தொண்டையும் நம்மாளுங்க மாதிரியே ஸ்வரத்த வளைக்குது, கைத்தட்டுல தாளக் கணக்கும் இருக்கு, சேர்றதுக்கு அங்க ஏற்கனவே இடம் இருந்துச்சு. சும்மா ட்ரம்ஸ் மேல சித்தார தெளிச்சு ஃப்யூஷன்னு டிக்கெட் விக்கிறவங்கள என்ன சொல்றது.

—

ஐயா மூர் மார்க்கெட் பேர சொல்லி கொன்னுட்டீங்க. கீபோர்டு ப்ரோ, உங்களுக்கு ஒரு டிப், சித்தார் பேட்ச்ல ரிவெர்ப (எதிரொலி எஃபெக்ட்) மொத்தமா குறைச்சிட்டு, பாட்டோட சா பா ரெண்டயும் ரொம்ப சன்னமா இன்னொரு லேயர்ல பிடிச்சி வைங்க, தரப் இருக்கற மாதிரி ஒரு ஏமாத்து வேலை நடக்கும். நெஜ சித்தார் வந்தா மட்டும் ஏசி ஓடுற ஹால்ல கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வாத்தியத்த மேடையில வெச்சிடச் சொல்லுங்க, வெளி வெயில்லேர்ந்து நேரா குளிருக்கு வந்தா அத்தன தந்தியும் கலைஞ்சிடும், அப்புறம் முதல் பாட்டு முழுக்க அவரு தந்திய முறுக்குற பிரடையத்தான் திருகிட்டு இருப்பாரு. மந்தவெளி மேடம், கொலு தேதி மட்டும் போடுங்க, மைக் நான் எடுத்துட்டு வரேன், சுண்டல் போதும்.