வீட்டு இன்ஸ்பெக்டர் ரிப்பேர் செலவையும் சொல்ல வேண்டாமா?

டெக்சஸில் டாலஸ் பக்கம் முதல் வீடு வாங்கப்போகும் தம்பி ஒருவர், வாங்குவதற்கு முன் வீட்டைப் பரிசோதிக்க ஒரு இன்ஸ்பெக்டரை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வந்துவிட்டது அண்ணா. பக்கம் பக்கமாகப் பழுதுகள், படத்தோடு. அஸ்திவாரத்திலும் ஏதோ சிக்கலாம். ஆனால் எதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுக் கேட்டால், அது என் வேலை இல்லை என்கிறார். காசு வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்லலாமா?"

சொல்லலாம் தம்பி. செலவு மதிப்பீடு தருவது இன்ஸ்பெக்டரின் கடமை அல்ல என்று டெக்சஸ் மாநில விதியே சொல்கிறது. இந்தத் தொழிலின் பெரிய சங்கங்களான ஆஷி, இன்டர்நாச்சி இரண்டின் விதிமுறைகளும் அதையேதான் சொல்கின்றன. கவனியுங்கள், "கடமை அல்ல" என்றுதான் இருக்கிறது, "கூடாது" என்று இல்லை. சொல்ல விரும்பினால் சொல்லலாம். பெரும்பாலானவர்கள் விரும்புவதில்லை, அவ்வளவுதான்.

நமக்கு இது விசித்திரமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. ஊரில் மேஸ்திரியைக் கூட்டிப்போய்க் காட்டினால் அவரே பார்ப்பார், அவரே தொகை சொல்வார், அவரே வேலையையும் முடித்துக்கொடுப்பார். இங்கே பார்ப்பவர் வேறு, செய்பவர் வேறு. வேண்டுமென்றேதான் பிரித்துவைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு இன்ஸ்பெக்டர் தான் பரிசோதித்த வீட்டில் 12 மாதங்களுக்குள் ரிப்பேர் வேலை எடுப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆஷியின் நெறிமுறையும் ஒரு வருடம் என்கிறது. பழுதைக் கண்டுபிடிப்பவருக்கு அந்தப் பழுதிலிருந்து வருமானம் வரக்கூடாது என்பதுதான் கணக்கு. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

சரி, வேலையைச் செய்ய வேண்டாம், தொகையை மட்டுமாவது சொல்லலாமே? இங்கேதான் சிக்கல். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அஸ்திவார விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். டாலஸ் வட்டாரத்து மண் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், கூடவே வீட்டுக்கு அடித்தளமான கான்கிரீட் ஸ்லாபும் ஏறி இறங்கும். இன்ஸ்பெக்டர் கண்ணில் படுவது என்ன? ஒரு கதவு சரியாக மூடவில்லை, வெளிச்சுவர்ச் செங்கலில் படிப்படியாக இறங்கும் விரிசல். காரணம் அவர் கண்ணுக்குத் தெரியாது. வீட்டைச் சுற்றி மண் காய்ந்துபோயிருந்தால் ஒழுங்காகத் தண்ணீர் விட்டாலே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். சரிவு தப்பாக இருந்து மழைநீர் சுவரோரம் தேங்கினால், மண் போட்டுச் சரிவை மாற்ற வேண்டும். ஸ்லாபுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் ஒழுகி ஒரு பக்கம் மண் உப்பியிருந்தால் முதலில் பிளம்பர். நிஜமாகவே ஸ்லாப் இறங்கியிருந்தால் அதைத் தாங்க அடியில் பியர் எனும் தூண்களை இறக்க வேண்டும், எத்தனை பியர் என்பதுதான் தொகையைத் தீர்மானிக்கும். ஸ்லாபைத் தூக்கி நிறுத்தும்போது அடியில் உள்ள குழாய் விரிசல் விட வாய்ப்புண்டு, அதனால் வேலை முடிந்ததும் குழாய்ச் சோதனை. அப்புறம்தான் உள்ளே பூச்சு, பெயின்ட்.

ஆக, அதே விரிசலுக்குத் தண்ணீர்க் குழாய் வைத்து நனைப்பதும் மருந்து, பல்லாயிரம் டாலர் வேலையும் மருந்து. மூன்று மணி நேரம் சுற்றிப் பார்த்து, சுவரில் ஓட்டை போடாமல், தரையைப் பெயர்க்காமல் போகிறவர் இதற்கு என்ன தொகை எழுதுவார்? 5,000 என்று எழுதி 25,000 ஆனால் நீங்கள் வக்கீலைத் தேடுவீர்கள். 25,000 என்று எழுதி 5,000-த்தில் முடியக்கூடியதாக இருந்தால் நல்ல வீட்டைக் கைவிட்டிருப்பீர்கள். அது உங்களுக்குத் தெரியக்கூட வராது, ஆனால் விற்பவரின் ஏஜென்ட் மறக்கமாட்டார்.

இத்தனை சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழுதும் அஸ்திவாரம் அல்ல. ஆயுள் முடிந்த வாட்டர் ஹீட்டர், மாற்றியே ஆகவேண்டிய பழைய ஃபெடரல் பசிபிக் எலக்ட்ரிக் பேனல் இவற்றுக்கெல்லாம் காரணம் தேட வேண்டியதில்லை. கழற்று, புதியதை மாட்டு. தினமும் வீடு பார்க்கிற ஒருவருக்கு அந்த வட்டாரத்தில் இதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று தெரியாமல் இருக்காது. இதற்கும் வாயைத் திறக்காமல் "தகுதியான கான்ட்ராக்டரை அணுகவும்" என்று எல்லா வரிக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டிவிட்டுப் போகிறவர் மேல் எனக்கு மரியாதை குறைவுதான்.

இந்த விஷயத்தில் பென்சில்வேனியாக்காரர்கள் தெளிவாக இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு அவர்கள் போட்ட சட்டப்படி இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகவோ எழுத்திலோ ரிப்பேர் செலவு சொல்லக்கூடாது. ஆனால் மூன்று நிபந்தனைகளோடு ரிப்போர்ட்டில் மட்டும் எழுதலாம்: அந்த மதிப்பீடு எங்கிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும், ஒற்றைத் தொகையாக இல்லாமல் இத்தனை முதல் இத்தனை வரை என்று இருக்க வேண்டும், அந்த வேலையைச் செய்யும் கான்ட்ராக்டரிடமும் மதிப்பீடு வாங்குங்கள் என்று எழுத வேண்டும். என்னைக் கேட்டால் எல்லா மாநிலமும் இதைக் காப்பியடிக்கலாம். ஒற்றை எண் ஆபத்து, மௌனமும் உதவாது.

டெக்சஸ் ரிப்போர்ட்டில் எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. மாநிலம் கொடுத்திருக்கும் படிவத்தில் பழுது என்றால் ஒரே ஒரு கட்டம்தான். சமையலறையில் பாதுகாப்பு பிளக் பாயின்ட் இல்லாவிட்டாலும் அங்கே டிக், அஸ்திவாரம் இறங்கினாலும் அங்கேயே டிக். முதல் வீடு வாங்குகிறவர் டிக்குகளை எண்ணிப் பார்த்து மயங்கி விழுகிறார். உங்களுக்கு இப்போது வேண்டியது டாலர் கணக்கே அல்ல, எது பெரியது எது சின்னது என்ற வரிசை. அதனால் போனில் "எவ்வளவு ஆகும்" என்று கேட்காதீர்கள். "இதில் சில நூறில் முடிவது எது, சில ஆயிரம் எது, பல்லாயிரம் வரை போகக்கூடியது எது" என்று கேளுங்கள். அதோடு ஒவ்வொன்றுக்கும் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் கேளுங்கள். தொகை சொல்லத் தயங்குகிறவர்களும் இதற்குப் பதில் சொல்வார்கள்.

பிறகு அந்தப் பெரிய ஒன்றிரண்டுக்கு மட்டும் ஆள் வரவழையுங்கள். அஸ்திவாரத்துக்கு "இலவச மதிப்பீடு" என்று வருகிற கம்பெனி பியர் விற்கிற கம்பெனி. பியர் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு என்ன அவசியம்? முதலில் காசு கொடுத்து ஒரு தனி ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் எழுதித் தருவதை வைத்து இரண்டு கம்பெனியிடம் தொகை கேளுங்கள். இதெல்லாம் ஆப்ஷன் காலத்துக்குள், அதாவது விலகிக்கொள்ளும் உரிமைக்காக நீங்கள் கட்டணம் கொடுத்து ஒப்பந்தத்தில் வாங்கிய நாட்களுக்குள், நடக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம், ஆப்ஷன் கட்டணம் மட்டும் போகும். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும், கடைசி நாள் மாலை 5 மணியோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தால் திங்கள்வரை பொறுத்திருக்காதீர்கள்.

— "ஏஜென்ட் தனக்குத் தெரிந்த கான்ட்ராக்டரை வைத்துத் தொகை வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?"

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வீடு கைமாறினால்தான் ஏஜென்ட்டுக்குக் கமிஷன். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை.

— "கனடாவிலும் இதே கதையா அண்ணா?"

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009-லிருந்தும் ஆல்பர்ட்டாவில் 2011-லிருந்தும் இன்ஸ்பெக்டருக்கு உரிமம் கட்டாயம். ஒன்டாரியோவில் 2017-ல் சட்டம் நிறைவேற்றினார்கள், ஆனால் அது அமலுக்கு வராமலே கிடக்கிறது. டொரான்டோ பக்கம் இருப்பவர்கள் தொகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், எந்தச் சங்கத்தில் உறுப்பினர், காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

— "தொகை தெரிந்துவிட்டது. விற்பவரையே ரிப்பேர் செய்யச் சொல்வதா, கிரெடிட் கேட்பதா?"

பெரும்பாலும் கிரெடிட்தான், அதாவது ரிப்பேருக்குப் பதிலாக, வீடு கைமாறும்போது நீங்கள் கட்டவேண்டிய குளோசிங் செலவில் விற்பவர் ஏற்றுக்கொள்ளும் தொகை. வீட்டை விட்டுப் போகிறவர் ரிப்பேருக்கு மலிவான ஆளைத்தான் பிடிப்பார். ஆனால் கிரெடிட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறது. குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு, வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படியான கடனில் 10 சதவீதத்துக்குக் குறைவாக டவுன் பேமென்ட் போட்டால், விற்பவர் தரும் தொகை விலையில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 10 சதவீதத்திலிருந்து 25-க்குள் போட்டால் வரம்பு 6 சதவீதம். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 5 சதவீதம் போடுகிறீர்கள் என்றால் அதிகபட்சம் 15,000. அதிலும் உங்கள் குளோசிங் செலவு எவ்வளவோ அதுவரைதான் பயன்படும், மிச்சம் கையில் வராது. அதற்கு மேல் வேண்டுமென்றால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். லோன் ஆபீசரிடம் பேசிவிட்டு அப்புறம் தொகையை எழுதிக் கொடுங்கள்.