நிலக்கடலையில் சடுதிமாற்றத்தைத் தூண்டுவது பயனுள்ளதா?

ஏர்முனை:
நிலக்கடலை விதைகளைக் காமாக் கதிருக்கு உட்படுத்திச் சடுதிமாற்றத்தை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தை, தூண்டிப் புதிய ரகங்களைத் தேடும் முறையை நான் எதிர்க்கிறேன். அச்சம் காரணமல்ல, கதிர்பட்ட விதையில் கதிரியக்கம் தங்குவதில்லை என்பதை அறிவேன். நிலக்கடலை நான்மடியப் பயிர், அதாவது அதன் உயிரணுவில் நான்கு தொகுதிக் குரோமோசோம்கள் உள்ளன. பெரும்பாலான மரபணுக்கள் இரு மூதாதை இனங்களிலிருந்து வந்த இரண்டு பிரதிகளாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது அந்த வேலையைச் செய்துவிடும். மாற்றம் வெளியே தெரியாது. இரண்டாம் தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, முளைத்த சில நாட்களிலேயே மடியும் வெளிறிய நாற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, நிலக்கடலைக்கு உறவான காட்டினங்களை நாடலாம். துரு நோய்க்கும் இலைப்புள்ளி நோய்க்குமான எதிர்ப்புத்திறன் அரக்கிஸ் கார்டெனாசி என்ற காட்டினத்திலிருந்துதானே கிடைத்தது?

விதைப்பெட்டி:
காட்டினங்கள் இரு தொகுதி மட்டுமே கொண்ட இருமடியமானவை, நிலக்கடலையுடன் கலந்தால் பிறப்பது மலட்டு மும்மடியம். அந்தத் தடையைத் தாண்டிய பின்னும், வேண்டிய பண்போடு ஒட்டிவரும் சிறு காய்களைக் கழிக்கப் பல தலைமுறைகள் ஆகும். ட்ராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்பானிஷ் இம்ப்ரூவ்டு ரகத்தின் விதைகளுக்கு எக்ஸ் கதிர் செலுத்தியதில் கிடைத்த பெரும்பருப்புச் செடிதான் 1973-இல் டிஜி-1 ரகமாக வெளிவந்தது. கொத்து ரகங்களில் விதை உறக்கம், அதாவது முதிர்ந்த விதை உடனே முளைக்காமல் இருக்கும் தன்மை, இல்லாததால், அறுவடைக் காலத்தில் மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். தோட்டைப் பிளந்து வெள்ளை முளைவேரை நீட்டியிருக்கும் காயைப் பிடுங்கிப் பார்த்தவருக்கு, அதே மையத்தின் டிஜி-26 ரகத்திலுள்ள சுமார் இருபது நாள் உறக்கத்தின் அருமை புரியும்.

ஏர்முனை:
அந்த மையத்தின் டேக்-24 போன்ற புகழ்பெற்ற ரகங்கள் கதிரிலிருந்து நேராக வரவில்லை, கலப்பில் பிறந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெயின் தரத்தை உயர்த்தும் மிகை ஒலியிக் அமிலப் பண்போ, 1987-இல் அறிவிக்கப்பட்ட எஃப்435 என்ற செடியில் இயற்கையாகவே இருந்தது.

விதைப்பெட்டி:
கலப்பில் பிறந்தவைதான், அந்தக் கலப்புக்குப் பெற்றோராக நின்றவை எவை? சடுதிமாற்ற வழித்தோன்றல்களே. ஒலியிக் அமிலத்தைப் பொறுத்தவரை உங்கள் சான்றே உங்கள் முதல் வாதத்தைத் தளர்த்துகிறது. அப்பண்பு வெளிப்பட, ஒலியிக் அமிலத்தை வேறு கொழுப்பு அமிலமாக மாற்றும் ஃபேட்2 மரபணுவின் ஏ, பி ஆகிய இரு பிரதிகளும் செயலிழக்க வேண்டும். ஏ பிரதியின் பழுது பல பழைய ரகங்களில் வெளியே தெரியாமல் ஏற்கெனவே பரவியிருக்கிறது; அத்தகைய ரகத்தில் பி பிரதியை மட்டும் முடக்கினால் போதும். வேதிப்பொருளால் தூண்டப்பட்ட ஒரு சடுதிமாற்றச் செடியில் நகரும் மரபுக்கூறு (இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு) ஒன்று பி பிரதிக்குள் புகுந்து அதைத்தான் செய்தது.

ஏர்முனை:
எண்ணெய், பருப்பளவு, விதை உறக்கம் ஆகியவற்றில் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். இருக்கும் மரபணுவை முடக்கியோ திருத்தியோ பெறக்கூடிய பண்புகள் அவை. நோய் எதிர்ப்புக்கு வேண்டிய மரபணுவே பயிரில் இல்லாதபோது கதிர் எதைத் திருத்தும்? அங்கே காட்டினத்தைக் கைவிட எனக்கு மனமில்லை.