அடிபட்டு கிடக்குறவங்கள எப்போ தூக்கலாம், எப்போ தூக்கக்கூடாது?

நீலவண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்கற டவுட் இது. ரோட்ல யாராச்சும் அடிபட்டு விழுந்தா நாலு பேரு ஓடிப்போய் ஆளுக்கொரு கையக் கால புடிச்சு தூக்கி ஓரமா உக்கார வச்சு தண்ணி குடுத்துடுறாங்க. இன்னொரு பக்கம் "தொடாதீங்க தொடாதீங்க, முதுகெலும்புல அடி இருந்தா அவ்ளோதான்"னு சொல்லி கூட்டமா நின்னு பாத்துட்டே இருக்காங்க. இதுல எது சரி? நான் வேலை பாக்குற எடத்துல ஏணி, சாரம்னு எப்பவும் உயரத்துல வேலை, முதலுதவி தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. கீழ விழுந்தவர்கிட்ட போனதும் முதல்ல என்ன பாக்கணும், எப்போ நகர்த்தலாம், நான் ஒருத்தன் மட்டும் இருந்தா எப்படி நகர்த்துறது? ஹெல்மெட்ட கழட்டலாமா வேண்டாமாங்கறதயும் சொல்லுங்க.

நைட்டூட்டி:
நான் எமர்ஜென்சி வார்டுல நர்ஸ். கேட்டது ரொம்ப நல்ல கேள்வி, விவரமாவே சொல்றேன்.

ஓடாதீங்க, முதல்ல நின்னு சுத்தி பாருங்க. கரண்ட் வயர், வர்ற வண்டி, கேஸ் வாசனை, மேல இருந்து விழற பொருள், இதெல்லாம் இருந்தா நீங்களும் பக்கத்துல படுத்துருவீங்க, அப்புறம் ரெண்டு பேர காப்பாத்தணும். பத்திரம்னு தெரிஞ்சதும் கிட்ட போங்க, முடிஞ்சா அவர் பாக்குற பக்கமா போங்க, இல்லனா உங்க சத்தம் கேட்டதும் கழுத்த திருப்புவார். "ஆடாம அப்படியே இருங்க, நான் உதவி பண்ண வந்துருக்கேன்"னு சொல்லிட்டு பேச்சு குடுங்க. பதில் சொன்னார்னா மூச்சுப்பாதை இப்போதைக்கு திறந்திருக்குன்னு அர்த்தம். பதில் இல்லனா தோள தட்டி சத்தமா கூப்பிடுங்க, புடிச்சு உலுக்காதீங்க. அப்பவும் அசைவு இல்லனா பக்கத்துல ஒரு ஆள கைகாட்டி "நீங்க ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க"ன்னு சொல்லுங்க. பொதுவா கத்துனா யாரோ போடுவாங்கன்னு எல்லாரும் நிப்பாங்க.

அடுத்து மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குதான்னு 10 செகண்டுக்குள்ள பாத்துடணும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்துடுறாங்க, எப்பவாச்சும் ஒரு தடவ கேவுற மாதிரி, மீன் வாய் திறக்குற மாதிரி இழுக்கறது மூச்சு கிடையாது, இதயம் நின்னு போனவங்களுக்கு அப்படி வரும். அத மூச்சு இல்லன்னே எடுத்துக்கிட்டு சிபிஆர் (நெஞ்ச திரும்பத் திரும்ப அமுக்கி ரத்தத்த ஓட வைக்கறது) ஆரம்பிக்கணும்: மார்பு நடுவுல, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 வேகத்துல, பெரியவங்களுக்கு 5லேர்ந்து 6 சென்டிமீட்டர் ஆழம். ஆக்சிஜன் போகாம சில நிமிஷத்துலயே மூளை பாதிக்க ஆரம்பிச்சுரும், அந்த நேரத்துல கழுத்து எலும்ப யோசிச்சுட்டு நிக்காதீங்க.

ரத்தம் பீச்சி அடிச்சா, இல்ல தரையில தேங்குற அளவு போனா, அதையும் தள்ளிப்போட முடியாது. பெரியவங்க உடம்புல மொத்தமே கிட்டத்தட்ட 5 லிட்டர்தான். துணிய வச்சு உங்க மொத்த பாரத்தையும் குடுத்து அமுக்குங்க, நின்னுச்சான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுத்து பாக்காதீங்க. குத்தி நிக்கிற கம்பி, கண்ணாடிய புடுங்கவே கூடாது, அதுவே உள்ள அடைச்சு வச்சிருக்கும், சுத்தி அமுக்குங்க. தண்ணி, டீ எதுவும் வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம், மயக்கமானா புரையேறும். போர்வை போத்துங்க, உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையறது குறைஞ்சுரும்.

கயிறும்கட்டையும்:
நர்ஸ் சொன்னதுக்கு அப்படியே வழிமொழியிறேன். நான் கம்பெனிகள்ல முதலுதவி ட்ரெய்னிங் குடுக்குறேன், நகர்த்துறத பத்தி மட்டும் சொல்றேன்.

நகர்த்தாம இருக்கறதுதான் வழக்கமா சரி. நகர்த்தணும்னா மூணு காரணம்தான்: அந்த எடத்துலயே இருந்தா செத்துருவார் (தீ, தண்ணி, இடியப்போற சுவர், ட்ராஃபிக்), மூச்சு வாங்க முடியாத நிலையில கிடக்கார், இல்ல உயிர் காக்குற சிகிச்சைய அந்த எடத்துல வச்சு செய்ய முடியல. வேடிக்கை பாக்குற கூட்டம், வெயில், "ஓரமா படுக்க வைப்போம்" இதெல்லாம் காரணமே இல்ல. வெயிலுக்கு நிழல அவர்கிட்ட கொண்டு வாங்க, ஒருத்தர் துணிய விரிச்சு புடிச்சா போதும்.

தனி ஆளா இழுக்கறதுக்கு ஒரே விதி, உடம்போட நீளவாக்குல இழுக்கணும், குறுக்கால இழுக்கவோ முறுக்கவோ கூடாது. சட்டை இழுவைதான் நான் முதல்ல சொல்லிக் குடுக்கறது: அவர் தலைமாட்டுல குனிஞ்சு ரெண்டு தோளுக்கும் பின்னாடி சட்டைய இறுக்கி புடிச்சு, உங்க ரெண்டு முழங்கைக்கும் நடுவுல அவர் தலை தாங்கி நிக்கிற மாதிரி வச்சுட்டு பின்னாடியே நடங்க. சட்டை கழுத்த நெரிக்குதான்னு பாத்துக்கோங்க, மேல் பட்டன கழட்டிருங்க. போர்வையோ தார்ப்பாயோ கிடைச்சா அதுல படுக்க வச்சு தலைப்பக்கமா இழுக்கறது இன்னும் நல்லது. கால புடிச்சு இழுக்கறது வேகமா இருக்கும், ஆனா தலை தரையில அடிச்சுட்டே வரும், வேற வழியே இல்லாதப்போ மட்டும். தோள்ல போட்டு தூக்குறது பாக்க வீரமா இருக்கும், கழுத்து அடிக்கு அத விட மோசமான வழி இல்ல.

மஞ்சக்கிளி:
கழுத்துல துண்ட சுத்தி கட்டிட்டா ஆடாம இருக்கும்ல? எங்க பாட்டனார் காலத்துலேர்ந்து அப்படித்தான் பண்றாங்க.

நைட்டூட்டி:
வேண்டாங்க. கழுத்துப் பட்டைய முதலுதவி பண்றவங்க வழக்கமா போட வேண்டாம்னு 2015லயே சர்வதேச வழிகாட்டுதல்ல மாத்திட்டாங்க. இறுக்கினா மூச்சுக்கும் தலைக்குப் போற ரத்தத்துக்கும் தொந்தரவு, கட்டுறதுக்காகவே தலைய நாம ஆட்டிருவோம். தலை எந்த நிலைல இருக்கோ அப்படியே ரெண்டு கையால தாங்கி புடிச்சா போதும், வளைஞ்சிருந்தா நேராக்குறேன்னு திருப்பாதீங்க. மயக்கம் இல்லாதவர கேளுங்க, கழுத்து வலிக்குதா, கை கால் மரத்துப்போச்சா, விரல ஆட்ட முடியுதான்னு. வலி இல்லன்னு சொன்னாலும் போதைல இருந்தாலோ, வேற எங்கயாச்சும் பெரிய அடி இருந்தாலோ, உயரத்துல இருந்து விழுந்திருந்தாலோ கழுத்துல அடி இருக்குன்னே நெனச்சு நடந்துக்கோங்க.

நீலவண்டு:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்போ மயக்கத்துல மூச்சோட இருக்கார், மல்லாக்க கிடக்கார், திடீர்னு வாந்தி எடுத்தா? அப்பவும் அசைக்கக்கூடாதா?

நைட்டூட்டி:
அசைச்சே ஆகணும்! மூச்சுக்குழாய்ல வாந்தி போனா கழுத்து பத்திரமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. உடனே ஒருக்களிச்சு திருப்பணும். தனியா இருந்தா ஒரு கை அவர் தலையையும் கழுத்தையும் தாங்க, இன்னொரு கை இடுப்ப புடிச்சு மொத்தமா உங்க பக்கம் புரட்டுங்க. ஆள் இருந்தா ஒருத்தர் தலை, மீதி ரெண்டு மூணு பேர் தோள், இடுப்பு, கால்னு புடிச்சு, தலை புடிச்சவர் "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு சொன்னதும் ஒரே நேரத்துல திருப்பணும், வேற யாரும் கணக்கு சொல்லக்கூடாது. கர்ப்பிணியா இருந்தா முடிஞ்ச வரை இடது பக்கமா. மூச்சு அடைக்குது, ஆனா திருப்ப முடியலன்னா கீழ்த்தாடைய ரெண்டு பக்கமும் விரல வச்சு முன்னாடி தள்ளுங்க, அப்பவும் வரலனா தலைய மெதுவா சாய்ச்சே ஆகணும்.

கயிறும்கட்டையும்:
ஹெல்மெட் விட்டுப்போச்சு. மூச்சு நல்லா வருதுன்னா கண்ணாடிய மட்டும் மேல தூக்கிட்டு ஹெல்மெட்ட அப்படியே விடுங்க, தலைய தாங்குங்க. மூச்சு நின்னாலோ, வாந்தி அடைச்சாலோ, வாய்க்கிட்டயே கை போக முடியலனாலோ மட்டும் கழட்டணும், அதுக்கு ரெண்டு பேர் வேணும்: ஒருத்தர் கீழ இருந்து தாடையையும் பிடரியையும் அசையாம புடிக்க, இன்னொருத்தர் பட்டிய அறுத்துட்டு பக்கவாட்ட விரிச்சு, மூக்குல மாட்டாம கொஞ்சம் கொஞ்சமா மேல இழுக்கணும். கழட்டி முடிக்கிற வரைக்கும் கீழ புடிச்சவர் கைய விடவே கூடாது, ஹெல்மெட் வெளிய வந்ததும் தலை டபக்னு பின்னாடி விழும்.

படிச்சா மட்டும் வராது, வேலை பாக்குறவங்கள்ல நாலஞ்சு பேரா சேந்து தரையில ஒருத்தர படுக்க வச்சு புரட்டிப் பாருங்க. அப்புறம் ஆம்புலன்ஸ்காரங்க வந்ததும் எப்படி விழுந்தார், மயக்கமா இருந்தாரா, ரத்தம் எவ்ளோ போச்சு, நீங்க எந்த நேரத்துல நகர்த்துனீங்கன்னு வரிசையா சொல்லுங்க, போன்ல டைம் குறிச்சு வச்சுக்கிட்டா சுலபம்.